யார் பட்ட கடன்?

கதை எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் கோபப்பட்டால், அவன் யாரைத் திட்டுகிறான் என்பதை விட, அந்தக் கோபம் எங்கே பிறந்தது என்று தேடிப் போவான். தென் கொரிய இளைஞர்களில் ஒரு சாரார் பெண்ணுரிமை என்ற சொல்லைக் கேட்டாலே சீறுகிறார்கள் என்று படித்தபோது, நானும் அப்படித்தான் தேடிப் போனேன். தேடல் 1999-ஆம் வருஷத்து டிசம்பர் மாதத்தில் கொண்டுபோய் விட்டது.

அந்த நாட்டில் உடல் தகுதியுள்ள ஆண்கள் கட்டாயம் ராணுவத்தில் சேவை செய்ய வேண்டும். 1953-ல் யுத்தம் ஓய்ந்ததே தவிர, சமாதான உடன்படிக்கை இன்றுவரை ஏற்படவில்லை. ஆகவே இருபது வயதுப் பையன் புத்தகத்தை மூடிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்குகிறான். தரைப்படையில் இப்போது 18 மாதம். அந்நாளில் இரண்டு வருஷத்துக்கும் மேல். அன்று கிடைத்த சம்பளமோ கைச்செலவுக்கும் காணாது.

இதற்கு ஈடாக 1961-ல் சர்க்கார் ஒரு சலுகையை ஏற்படுத்தியது. சேவை முடித்தவன் உத்தியோகப் பரீட்சை எழுதினால் நூற்றுக்கு 5 வரை கூடுதல் மார்க். கேட்பதற்கு நியாயந்தான். ஆனால், அரை மார்க்கில் வேலை கைதவறிப் போகும் பரீட்சை அது. பெண்களுக்கும், உடல் ஊனத்தால் படையில் சேர முடியாத ஆண்களுக்கும் அந்தச் சலுகையே தாழ்ப்பாளாயிற்று.

1998-ல் இஹ்வா பெண்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐந்து பெண்களும், யோன்செய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஊனமுற்ற ஆண் ஒருவரும் வழக்குத் தொடுத்தார்கள். 1999 டிசம்பர் 23-ல் அரசியல் சாசன நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சலுகை செல்லாது என்றார்கள்.

காலம் பொல்லாத காலம். 1997-ன் பண நெருக்கடியில் பெரிய கம்பெனிகளே சாய்ந்து, சர்க்கார் உத்தியோகம் ஒன்றுதான் கரை என்றிருந்த சமயம். வசைமாரி முழுவதும் அந்தப் பெண்கள் மேலும் அவர்கள் படித்த இடத்தின் மேலும் பொழிந்தது. வழக்கில் ஓர் ஆணும் இருந்தார் என்பது அந்த இரைச்சலில் அமுங்கிப் போயிற்று.

அன்று கோபப்பட்டவர்களுக்கு இன்று ஐம்பது வயதாகிறது. கணக்குத் தீராததால் கோபம் மட்டும் வாரிசுச் சொத்தாக இறங்கி வந்தது. 2022 தேர்தலில் யூன் சுக் இயோல், பெண்கள் நலத்துக்கான அமைச்சகத்தையே கலைப்பதாக வாக்களித்தார். வாக்குச்சாவடிக் கணிப்புகளின்படி, இருபதுகளில் உள்ள ஆண்களில் 58 சதவிகிதத்துக்கு மேல் அவர் பக்கம். அதே வயதுப் பெண்களில் அதே அளவு எதிர்ப்பக்கம். 2025-ல் அவர்தாம் பதவி இழந்தார், அமைச்சகம் கலையவில்லை.

பெண்கள் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்களா? அங்கே பெண்ணின் சம்பளம் ஆணின் சம்பளத்தை விடச் சுமார் 30 சதவிகிதம் குறைவு; வளர்ந்த நாடுகளில் இதுவே மிகப் பெரிய இடைவெளி. அதற்காக, இளைஞனின் குறை பொய் என்றும் சொல்ல மாட்டேன். அவன் கொடுத்த மாதங்கள் மெய். அவற்றுக்குக் கடன்பட்டது சர்க்கார். 2025-ல் படைச் சேவையின் கடைசிக் கட்டத்தில் உள்ளவனுக்கு மாதம் 15 லட்சம் வோன் சம்பளமாயிற்று. எந்தப் பெண்ணின் மார்க்கையும் தொடாமலே இதைச் செய்ய முடிந்தது அல்லவா?

அண்ணனுக்குப் போட வேண்டிய சோற்றைத் தங்கையின் இலையிலிருந்து எடுத்துப் போட்டார் ஒரு தகப்பனார். தங்கை தன் பங்கைத் திரும்பக் கேட்டாள். அண்ணன் அவளை முறைத்தான். தகப்பனாரை நிமிர்ந்து பார்க்க மட்டும் அவனுக்குத் தோன்றவே இல்லை.