டாக்காவின் குவாஜா நாஜிமுத்தீன்

டாக்கா நகரத்திலே, புரிகங்கை ஆற்றின் கரையில், அஹ்சான் மன்சில் என்றொரு மாளிகை உண்டு. காஷ்மீரத்திலிருந்து வந்து, வாணிகத்தாற் பொருளீட்டி, பின்னர்ப் பெருஞ் சமீந்தார்களான ஒரு குடும்பத்தாரின் இருப்பிடமாக விளங்கியது அது. நவாபு என்னும் பட்டம் அவர்களுக்கு ஆங்கில அரசினர் அளித்தது. 1894-ஆம் ஆண்டு அக்குடும்பத்திற் பிறந்தவர் குவாஜா நாஜிமுத்தீன். அம்மாளிகையில் வழங்கிய மொழி உருது. மதிலுக்கு வெளியே குடியானவனும் படகோட்டியும் பேசிய மொழி வங்காளம். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள நேயர்கள் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

அலிகாரிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று திரும்பிய நாஜிமுத்தீன், 1922 முதல் 1929 வரை டாக்கா நகராட்சித் தலைவராக விளங்கினார். அடுத்து வங்காள மாகாணத்தின் கல்வி அமைச்சரானார். நாட்டுப்புறத் தொடக்கக் கல்விச் சட்டம் 1930-இல் நிறைவேறியது அவர் காலத்திலேதான். அவரைக் குறை கூறுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

1937-ஆம் ஆண்டுத் தேர்தலில், பட்டுவாக்காலித் தொகுதியில், அவரை எதிர்த்து நின்றவர் பஸ்லுல் ஹக். உழவர் கட்சியின் தலைவர். உழவரோடு அவர்தம் மொழியிலேயே உரையாட வல்லவர். நாஜிமுத்தீன் தோற்றார். பிறகு, சுஹ்ரவர்தி விட்டுக்கொடுத்த கல்கத்தாத் தொகுதியொன்றின் வழியாகவே சட்டசபைக்குள் நுழைந்தார். தம்மை வென்ற ஹக்கின் அமைச்சரவையிலேயே உள்துறையையும் ஏற்றார்! அக்கால அரசியலின் விந்தை அது.

1943 ஏப்ரலில் அவர் மாகாணத்தின் முதலமைச்சரானபோது பெரும் பஞ்சம் தலைவிரித்தாடியது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழி முழுவதையும் அவர்மீது சுமத்துதல் முறையன்று. போரை நடத்திய ஆங்கில அரசின் பங்கு பெரிது. ஆயினும் அவருடைய அமைச்சரவை திறம்படச் செயலாற்றியது என்று கூறவும் இயலாது.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்தின் முதலமைச்சரானார். பாகிஸ்தான் மக்களுட் பாதிக்கு மேற்பட்டோர் பேசியது வங்காளமே. அதற்கு உரிய இடம் கேட்டு மாணவர் கிளர்ந்தபோது, 1948 மார்ச்சு 15-ஆம் நாள் அவர்களோடு ஓர் உடன்பாட்டிற் கையொப்பமிட்டார். ஒரு வாரத்துக்குள் ஜின்னா டாக்காவுக்கு வந்து, உருதுவே அரசாங்க மொழி என முழங்கிச் சென்றார். உடன்பாடு ஏட்டளவில் நின்றது.

அவ்வாண்டே ஜின்னா மறைய, நாஜிமுத்தீன் கவர்னர் ஜெனரலானார். 1951-இல் லியாகத் அலிகான் சுட்டுக் கொல்லப்பட்டதும், அப்பதவியைக் குலாம் முகம்மதுவுக்கு விட்டுத் தாம் பிரதமரானார். 1952 ஜனவரி 27-ஆம் நாள், டாக்காவின் பல்தான் மைதானத்தில், உருதுவே அரசாங்க மொழியாகும் என்று அவரும் பேசினார். மாணவர் கொதித்தெழுந்தனர். பிப்ரவரி 21-ஆம் நாள் காவலர் சுட்டதிற் சிலர் உயிர் நீத்தனர். நாஜிமுத்தீன் கொடியவர் அல்லர்; மென்மையும் இறைப்பற்றும் உடையவர். தாம் பிறந்த ஊரின் பேச்சு மட்டும் அவர் செவியில் ஏறவேயில்லை.

1953 ஏப்ரலில், சபை வரவு செலவுத் திட்டத்தை ஏற்றுச் சின்னாட்களே ஆகியிருக்க, குலாம் முகம்மது அவரைப் பதவியினின்று நீக்கினார். சக அமைச்சர் பலர் அன்றே புதிய அமைச்சரவையில் அமர்ந்தனர்.

1964 அக்டோபரில் நாஜிமுத்தீன் டாக்காவிற் காலமானார். தம்மைத் தேர்தலில் வென்ற ஹக், தமக்குத் தொகுதி ஈந்த சுஹ்ரவர்தி ஆகிய இருவர்தம் கல்லறைகளுக்கு அருகிலேயே அவரையும் அடக்கம் செய்தனர்.