வாசற்படியில் தொடங்கிய பதவி



தேனியிலிருந்து கம்பம் செல்லும் சாலையில், முல்லையாற்றங்கரையில் அமைந்துள்ளது எங்கள் ஊராகிய வீரபாண்டி. சித்திரைத் திருவிழாவில் கௌமாரியம்மனுக்கு அக்கினிச்சட்டி எடுக்க வரும் கூட்டத்தால் இவ்வூரை அறிந்தோர் பலர். கோயில்களின் வரலாறும் அரசர்களின் வரலாறும் எங்களுக்கு நிரம்ப உண்டு. ஆயின் இன்று நான் கூறப் புகுவது கல்வெட்டில் இடம் பெறாத ஒரு பதவியின் வரலாறு. பொதுச் சுகாதாரத் துறையில் செவிலியர்க்குத் தலைமை தாங்கும் பெண்மணியின் பதவியே அது.

1971ஆம் ஆண்டு. என் தமக்கைக்கு முதற்சூல். காலும் முகமும் வீங்கியிருந்தன. முதற்சூலில் வீங்குவது இயல்பு என்றனர் பெரியவர்கள். அந்நாளில் ஊர்தோறும் நடந்து வந்த நர்சம்மா ஒருவர், காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விழுந்த குழி மேலெழவில்லை. தலைவலி உண்டா, கண் மங்குகிறதா என்று வினவினார். பின்னர் உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள் என்றார். திருவிழாவுக்குக் கம்பம் நட்டாயிற்று, ஊரைவிட்டுப் போகலாகாது என்று என் பாட்டி மறுத்தார். நர்சம்மா சினங்கொள்ளவில்லை. “ஆத்தா, கௌமாரி அடுத்த வருஷமும் இங்கேதான் இருப்பாள். இந்தப் பிள்ளை இருக்க வேண்டாமா?” என்றார். மாட்டு வண்டி பூட்டப்பட்டது. தாயும் சேயும் பிழைத்தனர்.

அந்த அம்மையார் எங்ஙனம் எங்கள் வாசலுக்கு வந்தார் என்பதே நாம் ஆராயத்தக்கது. செவிலி என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. சங்கப் பாடல்களில் தலைவியை வளர்க்கும் தாய் செவிலி எனப்பட்டாள். நோயற்றவரின் இல்லத்துக்கும் சென்று நலம் கற்பிக்கும் செவிலியோ அண்மைக் காலத்துப் படைப்பு. 1892இல் இங்கிலாந்தின் பக்கிங்காம்சயர் வட்டாரத்தில், சிற்றூர்த் தாய்மார்க்கு நலம் கற்பிக்கப் பெண்களைப் பயிற்றும் முயற்சிக்குத் துணை நின்றவர் பிளாரன்சு நைட்டிங்கேல். இந்தியாவில் காலடி வையாத அவர், இந்நாட்டுச் சிற்றூர்களுக்கும் அத்தகைய பெண்கள் வேண்டுமென்று எழுதினார். 1918இல் தில்லியில் சுகாதாரப் பார்வையாளர்க்கென ஒரு பயிற்சிப் பள்ளி தோன்றிற்று.

எனினும் அம்முயற்சி கடலில் கரைத்த பெருங்காயமாகவே இருந்தது. 1946இல் அறிக்கை அளித்த போர் குழு அன்றைய நிலையைக் கணக்கிட்டுக் காட்டியது. பிரித்தானிய இந்தியா முழுமைக்கும் சுகாதாரப் பார்வையாளர் ஏறத்தாழ 750 பேரே. அதாவது நான்கு இலட்சம் மக்களுக்கு ஒருவர். உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு இருபது தாய்மார் மாண்டனர்.

விடுதலைக்குப் பின்னர் ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை நிலையங்களும் எழுந்தன. 1973இல் கர்தார் சிங் குழு பல்நோக்குப் பணியாளர் முறையைப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் இம்முறை ஒரு படிக்கட்டாக உருப்பெற்றது. முதற்படியில் நிற்பவர் கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் ஐயாயிரம் மக்களுக்கு ஒரு துணை நிலையம், மலைப்பகுதியில் மூவாயிரம் மக்களுக்கு ஒன்று என்பது அளவை. அவர்க்கு மேல் பகுதி சுகாதார செவிலியர், அவர்க்கு மேல் சமுதாய சுகாதார செவிலியர், மாவட்ட அளவில் தாய் சேய் நல அலுவலர்.

இப்படிக்கட்டின் சிறப்பு யாதெனில், மேலே அமர்பவர் கீழே நடந்தவராயிருத்தல். எங்கள் நர்சம்மாவும் படிப்படியாக உயர்ந்தார். பல்லாண்டுகள் கழித்து, மேற்பார்வை அதிகாரியாக அவர் வந்ததைக் கண்டேன். பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பேறுகாலத்தில் ஒரு பெண் இறந்திருந்தாள். தமிழ்நாட்டில் தாய்மார் இறப்பு ஒவ்வொன்றையும் ஆராயும் வழக்கம் 1990களில் தொடங்கியிருந்தது. வந்தவர் பதிவேட்டை முதலில் கேட்கவில்லை. இறந்தவளின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தார். வலி எப்போது தொடங்கிற்று, போகலாமென்று சொன்னவர் யார், வண்டி எந்நேரம் கிடைத்தது, மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று மெல்லக் கேட்டார். தவறு யாருடையது என்று அவர் கேட்கவேயில்லை. எந்த நாழிகை வீணாயிற்று என்பதையே தேடினார். பழிக்கு அஞ்சினால் எவரும் உண்மை உரையார். உண்மை தெரியாவிடின் அடுத்தவளைக் காக்க இயலாது. தலைமை என்பது இதுவே என்று அன்று உணர்ந்தேன்.

தமிழ்நாட்டில் 2001 முதல் 2003 வரையிலான கணக்கின்படி இலட்சம் பிறப்புகளுக்கு 134 தாய்மார் மாண்டனர். 2018 முதல் 2020 வரையிலான கணக்கில் அது 54 ஆயிற்று. நாடு முழுமைக்கும் அப்போது 97. இப்பெருமை முழுதும் செவிலியர்க்கே உரியது என்று நான் கூறவில்லை. மருத்துவர்கள், குருதி வங்கிகள், சாலைகள், பெண் கல்வி ஆகிய யாவும் இதில் பங்குடையன. ஆயினும் ஆபத்தை முதலில் காணும் கண் அவர்களுடையது. மருத்துவமனை எத்துணைச் சிறந்ததாயினும், அதன் வாயிலை அடையாத பெண்ணுக்கு அதனால் பயன் என்ன?

இக்காலத்தில் பேறுகள் ஏறக்குறைய யாவும் மருத்துவமனையிலேயே நிகழ்கின்றன. இது நற்பேறே. ஆயின் அதனுடன் ஓர் இடர்ப்பாடும் வந்துள்ளது. செவிலியரின் பொழுதிற் பெரும்பகுதியைக் கணினிப் பதிவுகள் விழுங்குகின்றன. எண்கள் மேலே ஏறுகின்றன. கால்கள் வீடுகளுக்குச் செல்வது குறைகின்றது. நாளைய மாவட்ட அலுவலர் இன்று எத்தனை திண்ணைகளில் அமர்கிறாரோ, அத்துணையே அவர் தலைமையின் ஆழம்.

காக்கப்பட்ட உயிர்க்கு நினைவுச்சின்னம் இல்லை. நடவாத துயரத்தை எவரும் எழுதி வைப்பதுமில்லை. என் தமக்கையோ மறு ஆண்டு சித்திரையில் மகவை இடுப்பில் ஏந்தி முல்லையாற்றில் நீராடித் தன் நேர்த்திக்கடனைச் செலுத்தினாள். கௌமாரி காத்திருந்தாள்; நர்சம்மா சொன்னது பொய்க்கவில்லை.