யார் வீட்டுப் பிள்ளை?

புதுச்சேரி மூலக்குளத்தில் எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் இருக்கிறார். வில்லியனூர் சுடுமண் பொம்மைகளை வாங்கி விற்கிறவர். சாதாரண சரக்கு இல்லை, புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு! நாமும் ஆன்லைனில் இறங்கினால் என்ன என்று ஒரு வெப்சைட் ஆரம்பித்தார். படங்கள் பளிச். விலை நியாயம். எழுத்துப் பிழைகூட இல்லை.

ஐந்து மாதம் கழித்து போன் பண்ணினார்.

''அண்ணே, கடைப் பேரைப் போட்டுத் தேடினா கூகுள்ல வருது. 'புதுச்சேரி சுடுமண் பொம்மை'னு தேடினா நாலு பக்கம் தள்ளியும் காணோம். கடைப் பேரு தெரிஞ்சவன் எதுக்குண்ணே தேடப் போறான்?''

நியாயமான கேள்வி. ஆனால், அடுத்து அவர் சொன்னதுதான் வயிற்றைக் கலக்கியது. முப்பதே நாளில் கூகுளின் முதல் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவதாக ஒருவர் வாக்குக் கொடுத்திருக்கிறாராம். ஃபீஸ் 15,000 ரூபாய். வீட்டில் சீட்டு எடுத்த பணம் தயாராக இருக்கிறதாம்.

''கொடுத்துடாதீங்க தம்பி. முதல்ல ஒரு கதை கேளுங்க'' என்றேன். நீங்களும் கேளுங்கள்.

மூலக்குளம் மெயின் ரோட்டில் மேற்கே போனால் வில்லியனூர். அப்படியே விழுப்புரம். இன்னும் மேற்கே போனால் திருக்கோவிலூர். 1910-ல் அந்த ஊரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமசாமி ஐயர். கணக்கென்றால் உயிர். 1907-ல் இந்தியக் கணிதச் சங்கத்துக்கு விதை போட்டவர் அவர்தான். அவரைத் தேடி ஓர் இளைஞர் வந்தார். கல்லூரிப் பரீட்சையில் தோற்றவர். கையில் ஒரு நோட்டுப் புத்தகம். ஆபீஸில் ஒரு குமாஸ்தா வேலை கிடைக்குமா என்று கேட்டார்.

இளைஞரின் பெயர், ராமானுஜன்.

நோட்டைப் புரட்டிய ஐயர் அசந்துபோனார். இந்த மூளையை ரெவின்யூ ஆபீஸ் ஃபைலுக்குள் புதைக்கக் கூடாது என்று வேலை தர மறுத்துவிட்டார். ஆனால், சென்னையில் இருந்த பேராசிரியர் சேஷு ஐயருக்கு ஓர் அறிமுகக் கடிதம் கொடுத்தார். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவிடம் அறிமுகம். ராவ் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு, மாதம் 25 ரூபாய் தன் பையிலிருந்தே கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்குப் பிரிவு குமாஸ்தா வேலை கிடைத்தது.

அடுத்து கேம்பிரிட்ஜ். பேக்கர், ஹாப்சன் என்று இரண்டு பெரிய பேராசிரியர்களை நாடியும் பலன் இல்லை. 1913 ஜனவரி 16-ம் தேதியிட்ட கடிதம் ஹார்டிக்குப் போனது. ஹார்டி 'இது அசல் சரக்கு' என்று கண்டுகொண்டார். அவ்வளவுதான்! அதே வருஷம் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனார்.

கவனியுங்கள். திருக்கோவிலூரில் விரித்ததும் கேம்பிரிட்ஜுக்குப் போனதும் அதே மூளையில் விளைந்த சரக்குதான். மாறியது, அதற்கு சாட்சி சொன்ன ஆள்.

இப்போது கம்ப்யூட்டர் காலத்துக்கு வருவோம். 1994-ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ இருவரும் வெப்சைட்களைத் தலைப்புவாரியாக அடுக்க ஆரம்பித்தார்கள். அதுதான் யாஹூ. கையால் அடுக்குகிற வேலை. இன்டர்நெட் வளர்ந்த வேகத்துக்கு எத்தனை பேரை வைத்து அடுக்க முடியும்?

1995 டிசம்பரில் ஆல்டாவிஸ்டா வந்தது. இது மெஷினே தேடிக் கொடுக்கிற வகை. நீங்கள் தேடும் வார்த்தை எந்தப் பக்கத்தில் எப்படி வருகிறது என்று பார்க்கும். நம்மாட்கள் விடுவார்களா? வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் அதே வார்த்தையை நூறு தடவை அடித்துவைத்தார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியும். கடைக்காரர் தன் கடையைத் தானே புகழ்ந்தால் அதை எப்படி நம்புவது?

அந்தச் சிக்கலை 1996-ல் கையில் எடுத்தவர் லாரி பேஜ். அவரும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்தான். கூடவே செர்கே பிரின். விஞ்ஞானிகள் உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கட்டுரையைப் பிற்காலத்தில் எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று பார்ப்பது. யூஜின் கார்ஃபீல்டு 1955-லேயே இதற்கு அட்டவணை போடும் யோசனையைச் சொல்லியிருந்தார். பேஜ் அதை வெப்சைட்டுக்குக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால், அது ஒரு சாட்சிக் கையெழுத்து.

சூட்சுமம் அடுத்துதான் இருக்கிறது. எத்தனை பேர் கையெழுத்துப் போட்டார்கள் என்று எண்ணினால் போதாது. போட்டவருக்கு என்ன மதிப்பு என்றும் பார்க்க வேண்டும். கையெழுத்துப் போட்டவருக்கு யார் யார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்? டெபுடி கலெக்டரின் கடிதத்துக்கு இருக்கிற கனம், எதிர் டீக்கடைக்காரர் கடிதத்துக்கு இல்லையே! அதோடு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சிபாரிசுக் கடிதம் கொடுக்கும் எம்.எல்.ஏ-வின் கடிதத்துக்கு மதிப்பு குறையும் இல்லையா? அதையும் அந்தக் கணக்கு கழித்துக்கொள்ளும். பெயர் பேஜ்ரேங்க். 1998 செப்டம்பரில் கூகுள் கம்பெனி ஆனது. அந்தக் கணக்குக்கான காப்புரிமை ஸ்டான்ஃபோர்டு கையில் இருந்தது. அதைப் பயன்படுத்த அனுமதித்ததற்காகக் கிடைத்த கூகுள் பங்குகளைப் பல்கலைக்கழகம் 2005-ல் விற்றபோது வந்த தொகை 33.6 கோடி டாலர்!

அப்புறம் என்ன? சாட்சிக் கையெழுத்துக்கே சந்தை வந்துவிட்டது. லிங்க் விற்க ஒரு கூட்டம், வாங்க ஒரு கூட்டம். நேற்று ஆரம்பித்த வெப்சைட்டுக்கு இன்று ஆயிரம் லிங்க்! கூகுள் உஷாரானது. 2003 கடைசியில் ஒரு காப்புரிமை மனு போட்டது. ஒரு தளம் எப்போது முதன்முதலில் கண்ணில் பட்டது, லிங்குகள் மெதுவாகச் சேர்ந்தனவா, திடீரென்று முளைத்தனவா... வயசையும் வரலாற்றையும் எடைபோடும் வழிகள் அதில் இருந்தன. 2004 வாக்கில் வெப்சைட் நடத்துகிறவர்கள் புலம்ப ஆரம்பித்தார்கள், புதுத் தளங்களை மாதக்கணக்கில் ஓரமாக உட்காரவைக்கிறார்கள் என்று. அதற்கு 'சாண்ட்பாக்ஸ்' என்று பெயரும் வைத்தார்கள். அதாவது, 'போய் மணலில் விளையாடு, பெரியவங்க பேசிட்டிருக்கோம்'! அப்படி ஒன்றும் இல்லை என்பதுதான் கூகுள் தரப்பின் பதிலாக இருந்தது. 2024 மே மாதம் கூகுளின் உள் ஆவணங்கள் கசிந்தபோது, தளத்தின் வயதைக் குறிக்கும் ஒரு குறிப்பு வெளியே வந்தது. புதிதாக முளைக்கும் மோசடித் தளங்களை ஒதுக்கிவைக்க அது உதவும் என்று எழுதியிருந்தது. ஆவணங்கள் அசல்தான், ஆனால் அரைகுறையாகப் படித்து முடிவுகட்டாதீர்கள் என்றது கூகுள்.

இன்னொரு சங்கதி. 2023-ல் அமெரிக்க நீதிமன்றத்தில் கூகுளின் பாண்டு நாயக் சாட்சி சொன்னார். தேடுகிறவர்கள் எதை கிளிக் செய்கிறார்கள் என்ற 13 மாதப் பதிவையும் வரிசைப்படுத்தப் பயன்படுத்துகிறார்களாம். முன்னால் இருப்பதைத்தானே ஜனம் கிளிக் பண்ணும்? கிளிக் ஆனால்தானே முன்னால் இருக்கும்? நடுவில் நம்ம மூலக்குளத்துத் தம்பி எங்கே நுழைவது?

சரி, விலைக்கு வாங்கினால்? அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கதையைக் கேளுங்கள். பெரிய கடைச் சங்கிலி. 2010 கிறிஸ்துமஸ் சீசனில் ஆடை, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் முதலில் அவர்கள் பெயர். 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் துருவியது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் பென்னிக்கு லிங்க்! எங்களுக்குத் தெரியாது என்றது கம்பெனி. முதலிடத்தில் இருந்த சில தேடல்களில் அறுபது, எழுபதாவது இடத்துக்குத் தள்ளிவிட்டது கூகுள். 2012 ஏப்ரலில் இதற்கென்றே 'பென்குவின்' என்ற சல்லடை வந்தது. பெரிய கடையே குப்புற விழுந்தது. சீட்டுப் பணம் தாங்குமா?

நான் பி.காம். படித்தவன். அக்கவுன்டன்சியில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு, ஆங்கிலத்தில் குட்வில் என்பார்கள். விலை கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் பேரேட்டில் சொத்தாக எழுதலாம். தானாக வளர்ந்ததை எழுதக் கூடாது. கூகுள் பேரேடு நேர் எதிர். வாங்கிய நற்பெயர் செல்லாது. தானாக வளர்ந்ததுதான் வரவு! முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் வழிகாட்டிக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறது. பிறகு முப்பது நாள் வாக்குறுதிக்கு என்ன மரியாதை?

''அப்ப நான் என்னண்ணே பண்றது?''

ராமானுஜன் செய்ததைத்தான். நோட்டோடு நல்ல ஆட்களைத் தேடிப் போவது. வில்லியனூர் மண்ணை எப்படிப் பிசைகிறார்கள், சூளை எப்படி எரிகிறது, எந்தப் பொம்மை ஏன் விரிசல் விடுகிறது... வேறு எங்கும் கிடைக்காத விஷயத்தைத் தளத்தில் எழுதுவது. பொம்மை வாங்கிய பள்ளிக்கூடங்கள், ஹோட்டல்கள், புதுச்சேரியைச் சுற்றிவந்து எழுதுகிறவர்களுக்குக் காட்டி, 'பிடித்திருந்தால் நாலு வரி எழுதுங்கள்' என்பது. கேட்பது தப்பில்லை, காசு கொடுத்து வாங்குவதுதான் தப்பு. மாதங்கள் ஆகும். ஆகட்டும்.

இந்த ஏற்பாட்டில் நியாயம் இருக்கிறதா என்றால், பாதிதான். நம் கிராமத்தில் புது முகம் வந்தால் 'யார் வீட்டுப் புள்ள?' என்று கேட்பார்கள். திருடனைத் தடுக்க நல்ல கேள்வி அது. ஆனால், சொல்லிக்கொள்ள வீடு இல்லாத நல்ல பிள்ளையையும் அதே கேள்விதான் வாசலில் நிறுத்திவைக்கிறது. ராமானுஜனுக்கு ஒரு திருக்கோவிலூர் வாய்த்தது. அது வாய்க்காமல் கரையானுக்குப் போன நோட்டுகளின் கணக்கு எந்த மெஷினிடமும் இல்லை.

போன வாரம் தம்பி பேசினார். சீட்டுப் பணம் பத்திரமாக இருக்கிறது. பொம்மை வாங்கிய ஒரு பள்ளிக்கூடம் தன் வெப்சைட்டில் சூளையைப் பற்றி எழுதி, அவர் பக்கத்துக்கு ஒரு லிங்க் கொடுத்திருக்கிறதாம்.

''நாலாம் பக்கத்துல இருந்து மூணாம் பக்கத்துக்கு வந்துட்டேண்ணே!''