கள்ளக்கவியும் கணினி விழுக்காடும்

களவு என்னும் சொல் அகத்திணையில் காதலரின் மறைவொழுக்கத்தைக் குறிக்கும். நாம் இங்குப் பேச எடுத்துக்கொண்ட களவு அதுவன்று. பிறர் எழுதியதைத் தமதென்று ஆய்விதழில் ஏற்றும் களவு. இக்குற்றத்தை மேலைநாட்டாரே நமக்குச் சொல்லித்தந்தனர் என்று கருதுவோர் உளர். மரபு அவ்வாறு காட்டவில்லை.

பிறர் பாடலைத் தன் பாடலென்பவனைப் பாட்டியல் நூல்கள் 'கள்ளக்கவி' என்றே அழைத்தன. இலக்கணிகள் தடுப்பும் வகுத்தனர். பவணந்தி முனிவரின் நன்னூல், சிறப்புப்பாயிரம் உரைக்க வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரை அடுத்து 'வழி'யை வைக்கிறது. இந்நூல் எதன் வழி வந்தது என்பதை வாசகனுக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொல்காப்பிய நூற்பாக்கள் சிலவற்றை நன்னூலும் அப்படியே ஏற்றது. முன்னோர் மொழியைப் போற்றி எடுத்தாள்வதாக அறிவிக்கவும் செய்தது. எடுத்தாள்வது குற்றமன்று, எடுத்ததை மறைப்பதே குற்றம் என்பது இதனால் விளங்கும். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், ஏடுகள் கிடைத்த இடங்களையும் உதவியோரையும் குறிப்பிட்டது இவ்வறத்தின் அச்சுக்கால வடிவம் எனலாம்.

நம் காலத்துக்கு வருவோம். 2002இல், குமாவோன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பி.எஸ்.ராஜ்புத் தம் மாணவருடன் வெளியிட்ட இயற்பியல் கட்டுரை, ஸ்டான்போர்டுப் பேராசிரியர் ரெனாட்டா கல்லோஷ் முன்பே எழுதியதன் படியென்று தெரியவந்தது. நோபல் பரிசாளர் உள்ளிட்ட ஸ்டான்போர்டு அறிஞர்கள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கு முறையிட்டனர். விசாரணைக்குப் பின் 2003இல் துணைவேந்தர் பதவி விலகினார். அக்களவை வெளிக்கொணர்ந்தோர் மூலத்தை அறிந்த மனிதர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிமுறைகளை வெளியிட்டது. ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனையில்லை. கட்டுரையில் அது 40ஐத் தாண்டினால் கட்டுரையைத் திரும்பப் பெறுவதுடன் ஓர் ஆண்டு ஊதிய உயர்வும் போகும். 60ஐத் தாண்டினால் இரண்டு ஊதிய உயர்வுகள் போகும், மூன்றாண்டுகள் புதிய ஆய்வு மாணவரை ஏற்கவும் இயலாது. தண்டனை வேண்டியதே. ஆயின் கணினி எண்ணுவது சொற்களை மட்டுமே. 'செந்தமிழ்', 'தமிழ்ப்பொழில்' போன்ற பழைய இதழ்களின் பக்கம் எழுத்துருவாகாமல் வெறும் படமாக இருந்தால் மென்பொருள் அதைப் படிக்காது. ஆங்கில நூலொன்றின் கருத்தைத் தமிழாக்கிப் பெயர் மறைத்தால் ஒப்புமை பூச்சியம். வரிகளின் சொற்களை மாற்றித்தரும் செயற்கை நுண்ணறிவும் இன்று வந்துவிட்டது. இங்கே வேங்கிக்காலின் டி.டி.பி. கடைகளில் ஆய்வேட்டைத் தட்டச்சிட வரும் மாணவர் பலரும் "எத்தனை விழுக்காடு வந்தது?" என்றே கேட்டுக்கொள்கின்றனர். 'எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி மறைந்துபோனது.

களவு வெளிப்பட்டபின் செய்ய வேண்டியதற்கும் நெறியுண்டு. 1997இல் இங்கிலாந்தில் இதழாசிரியர்கள் கூடி அமைத்த வெளியீட்டு நெறிக்குழு, முதலில் ஆசிரியரிடம் விளக்கம் கேட்கச் சொல்கிறது; பின்னரே அவர் நிறுவனத்துக்கு அறிவிப்பும், காரணம் குறித்த மீட்பறிவிப்பும். ஓசையின்றிக் கட்டுரையை நீக்கிவிடுவது தீர்வாகாது. மூலத்தை எழுதியவருக்குரிய பெயர் அவருக்குத் திரும்பக் கிடைப்பதில்லை என்பதே அதன் குறை.

ஆய்விதழ்களைத் தரம்பிரித்த 'கேர்' பட்டியலையும் மானியக் குழு 2025இல் கைவிட்டது. இதழைத் தேரும் பொறுப்பு இனி நிறுவனங்களுடையது, ஆசிரியர்களாகிய நம்முடையது. ஒவ்வோர் ஆய்வேட்டின் முன்னும் 'வழி' எனத் தலைப்பிட்டு, யாரிடமிருந்து எதைப் பெற்றோம், நாம் சேர்த்தது எது என்று மாணவரை ஒரு பக்கம் எழுதச் செய்தல் வேண்டும். அப்பக்கத்தைக் கையிற்கொண்டு நேர்முகத்தில் நாம் வினவ வேண்டும். தான் படித்ததை எழுதியவர் தயங்காமல் விடை சொல்வார்.