வரட்சியும் காய்ச்சலும்: 1934–35ஆம் ஆண்டு இலங்கை மலேரியாக் கொள்ளைநோய்

மழை பொய்த்தால் வயல் வரளும். வயல் வரண்டால் பசி வரும். இது யாவரும் அறிந்த உண்மை. ஆனால், மழை பொய்த்தமையால் நுளம்பு பெருகி மக்கள் காய்ச்சலில் மாண்டனர் என்றால், அது முதற்பார்வைக்கு முரணாகவே தோன்றும். நீர் மிகுந்த காலத்திலன்றோ நுளம்பு மிகும்? ஆயினும் 1934ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையில் நிகழ்ந்தது அதுவேயாகும். அந்நோய் யாரைக் கொன்றது, யாரை விடுத்தது, அவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது என ஆராய்தல், பருவங்கள் பிறழ்ந்துவரும் இக்காலத்திற்குப் பெரிதும் பயனுடையதாகும்.

இலங்கையின் தென்மேற்குப் பகுதி ஈரவலயம் எனப்படும். மே மாதம் முதல் செப்தெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று அங்கே பெருமழை பொழிவிக்கும். அம்மழையால் களனி கங்கை, அத்தனகல்லை ஓயா, மகா ஓயா என்பனவும், வடக்கே குருணாகற் பகுதியில் ஓடும் தெதுறு ஓயாவும் பெருக்கெடுக்கும். இந்நாட்டில் மலேரியாவைப் பரப்பிய நுளம்பினம் 'அனோபிலிஸ் கூலிசிபேசீஸ்' என்பது. கலங்காது தேங்கி நிற்கும், வெயில் படும் நீரே அது முட்டையிடுதற்கு உகந்த இடம். ஆறு பெருகியோடும் காலத்தில் அதன் புழுக்கள் அடித்துச் செல்லப்பட்டு அழியும். எனவே நல்ல மழையுள்ள ஆண்டுகளில் ஆறே அக்கரைவாழ் மக்களுக்குக் காவலாய் இருந்தது. 1934ஆம் ஆண்டிலோ தென்மேல் பருவமழை பொய்த்தது. ஆறுகள் வற்றி, மணலுக்கும் பாறைக்கும் இடையே சிறு சிறு மடுக்களாயின. ஒவ்வொரு மடுவும் நுளம்பின் பிறப்பிடமாயிற்று. குளிக்கவும் குடிநீர் எடுக்கவும் ஆற்றை நாடி அதன் கரையிலேயே குடியிருந்த மக்களுக்கு, காவலாய் இருந்ததே பகையாய் மாறியது.

அவ்வாண்டு ஒக்தோபர், நவம்பர் மாதங்களிற் பரவத் தொடங்கிய காய்ச்சல், திசெம்பர், சனவரி மாதங்களில் உச்சநிலையை அடைந்தது. கேகாலை, குருணாகல் மாவட்டங்களே மிகுதியாகத் துன்புற்றன. நாட்டின் குடித்தொகை ஏறத்தாழ 55 இலட்சமாயிருந்த அக்காலத்தில், சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். நோயுற்றோர் தொகை பத்து இலட்சத்தையும் கடந்தது. 1934இல் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 23 ஆயிருந்த இறப்பு வீதம் 1935இல் 36.6 ஆக உயர்ந்தது. அவ்வாண்டிற் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன.

இங்கு ஒரு வினா எழுகின்றது. மலேரியா ஆண்டுதோறும் குடிகொண்டிருந்தது ஈரவலயத்தில் அன்று. அனுராதபுரம் போன்ற வரண்ட வலயப் பகுதிகளிலேயாம். அவ்வாறாகவும், கொள்ளைநோய் ஈரவலயத்திலும் அதன் எல்லையிலும் பேரழிவு செய்தது ஏன்? வரண்ட வலயத்து மக்கள் பிள்ளைப் பருவந்தொட்டு அக்காய்ச்சலுக்கு மீண்டும் மீண்டும் ஆட்பட்டவர்கள். பிழைத்து வளர்ந்தோர் உடலில் ஓரளவு நிர்ப்பீடனம் அமைந்திருந்தது. ஈரவலயத்து மக்களுக்கு அது இல்லை. முதியோரும் இளையோரும் ஒருங்கே புதியவர்களாய் அந்நோயை எதிர்கொண்டனர். இதனால் வரண்ட வலயத்து மக்கள் பேறுபெற்றவர் எனக் கொள்ளுதல் தவறாகும். அவர்தம் நிர்ப்பீடனம் தலைமுறைதோறும் குழந்தைகளின் இறப்பால் வாங்கப்பட்டது. வீங்கிய மண்ணீரலும் சோகை பிடித்த உடலும் அதன் விலையாக எஞ்சின.

நிர்ப்பீடனம் இன்மை நோய் பரவியதை விளக்கும். இத்துணைப் பேர் இறந்ததை அது மாத்திரம் விளக்காது. 1929ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர், தெங்குப் பொருள்களின் விலை வீழ்ந்திருந்தது. கேகாலை இறப்பர் விளையும் நிலம். குருணாகல் தெங்கு விளையும் நிலம். கூலி குறைந்த இல்லங்களில், வரட்சியால் நெல்லும் இல்லாதொழிந்தது. பசித்த உடலை நோய் எளிதிற் கொண்டது. பஞ்சாபில் நிகழ்ந்த மலேரியாக் கொள்ளைநோய்களை ஆராய்ந்து 1911இல் அறிக்கை வெளியிட்ட கிறிஸ்தோபர்ஸ் என்பார், மழையளவோடு தானிய விலையையும் ஒப்புநோக்கியமை இங்கு நினைக்கத்தக்கது. பஞ்சாபில் மிகுமழை செய்ததை ஈண்டு மழையின்மை செய்தது; பசியின் துணை ஈரிடத்தும் ஒன்றே.

அரசாங்கம் தற்காலிக மருத்துவ நிலையங்களை அமைத்துக் கொயினா வழங்கியது. ஆயினும் மருந்து காய்ச்சலைத் தணித்ததேயன்றிப் பசியைத் தணிக்கவில்லை. காய்ச்சல் மீண்டும் மீண்டும் வந்தது. இதனை உணர்ந்த சூரியமல் இயக்கத் தொண்டர்கள் மருந்தோடு உணவுப் பொருள்களையும் கிராமங்களுக்கு எடுத்துச் சென்றனர். அவர்களுட் பலர் 1935 திசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினர். தொண்டாற்றியவருள் ஒருவராகிய என். எம். பெரேரா 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். நோயின் வரலாறு அரசியல் வரலாறாகவும் ஆயிற்று.

இவ்வழிவுக்கு வானமே காரணம் என்பார் ஒருசாரார். வறுமையே காரணம் என்பார் மற்றொருசாரார். வறுமை மாத்திரம் காரணமாயின், அதே வறுமை நிலவிய ஏனைய இடங்களிலும் கொள்ளைநோய் இவ்வாறே தோன்றியிருத்தல் வேண்டும். வானம் மாத்திரம் காரணமாயின், செல்வரும் வறியரும், வளர்ந்தோரும் குழந்தைகளும் ஒரே அளவில் இறந்திருத்தல் வேண்டும். இரண்டும் நிகழவில்லை. நோயை எவ்விடத்தில் எழுப்புவது என்பதை மழையும் ஆறும் தீர்மானித்தன. எழுந்த நோயில் யார் மாள்வது என்பதை உடலின் வலிமையும் உணவும் மருந்தும் தீர்மானித்தன என்பதே பொருத்தமான முடிபாகும்.

பிற்கால வரலாறும் இம்முடிபுக்குத் துணைநிற்கின்றது. 1946 முதல் டி.டி.ரி. தெளிக்கப்பட்டமையால் மலேரியா வேகமாகக் குறைந்து, 1963இல் 17 பேரே நோயுற்றனர். வெற்றி பெற்றோம் எனக் காவல் தளர்ந்தபோது, அந்நோய் 1967 முதல் 1969 வரை மீண்டும் பெருகி இலட்சக்கணக்கானோரைப் பற்றியது. பின்னர் இடைவிடா முயற்சியால் 2012ஆம் ஆண்டுடன் உள்நாட்டுத் தொற்று ஒழிந்தது. 2016 செப்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அவ்வாண்டு திசெம்பரிலேயே மன்னாரில் 'அனோபிலிஸ் ஸ்டெபென்சி' என்னும் புதிய நுளம்பினம் காணப்பட்டது. ஆற்று மடுவை நாடாது, கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் வளரவல்லது அது.

இவ்விடத்தில் ஓர் உண்மை நோக்கத்தக்கது. 1934இல் கேகாலை மக்களிடம் இல்லாதிருந்த நிர்ப்பீடனம் இன்று இத்தீவில் எவரிடமும் பெரும்பாலும் இல்லை. நோயை ஒழித்ததன் பயனே இது, வருந்தத்தக்கது அன்று. ஆயினும், ஈரவலயத்து மக்களுக்கு அன்று ஆறு காவலாய் இருந்ததுபோல, இன்று அனைவர்க்கும் பொதுச் சுகாதார சேவையே காவலாய் உள்ளது. அக்காவல் வற்றுமாயின் முதலில் மாளப்போவோர் யாரென்பதை 1935ஆம் ஆண்டின் இறப்புப் பதிவேடு முன்னரே எழுதிவைத்துள்ளது: குழந்தைகள், பசித்தோர், மருத்துவ நிலையத்திற்குத் தொலைவில் வாழ்வோர் என்போரே அவர். வானத்தை நம்மால் ஆள இயலாது. வானம் பொய்க்கும்போது எவரையும் பசியோடும் மருந்தின்றியும் விடாதிருத்தல் நம்மால் இயலும்.