பூனைக்கு இடமில்லை: சிங்கப்பூரில் ஒரு முப்பத்தைந்து வருடக் கதை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வங்கி நண்பர் ஒருவர் முலுந்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சிங்கப்பூர் கிளைக்கு மாற்றல் வந்திருக்கிறது, மூன்று வருடம். ஸ்வீட் பாக்ஸோடு வரவேண்டிய மனிதர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். என்ன விஷயம் என்று கேட்டால், "பூனை சார்" என்றார். அவர் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. சின்னப் பையன் அதை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறானாம். "நீங்கதான் அங்க இருந்திருக்கீங்களே, பூனையோட போனா வீடு கொடுப்பாங்களா?"

சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிசைந்தது. ஏனென்றால் 2016-ல் இதே கேள்வியோடு நானும் அலைந்திருக்கிறேன். அன்றைக்குக் கிடைத்த பதில் வேறு, இன்றைய பதில் வேறு. அந்த மாற்றத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அவருக்கு அன்று சொன்னதையே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. எங்கள் பூனையின் பெயர் சில்லறை. மும்பை மழையில் நனைந்து மாடிப்படியில் கிடந்ததை என் மகள் தூக்கி வந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் சைஸ் என்பதால் அந்தப் பெயர் (பேங்க் ஆபீசர் வீட்டில் வேறு என்ன பெயர் வைப்பார்கள்!). சிங்கப்பூருக்கு ஆர்டர் வந்ததும், முதல் வேலையாக அங்கே ஒரு வீட்டு ஏஜெண்டைப் பிடித்தேன். நம்மூர்க்காரர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். பூனை என்றதுமே, "சார், வீவக வீட்டை மறந்துடுங்க. சட்டமே கிடையாது. காண்டோ பாருங்க, அங்கயும் ஓனர் ஒத்துக்கணும்" என்றார்.

வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். ஆங்கிலத்தில் எச்டிபி. சிங்கப்பூர்வாசிகளில் பத்துக்கு எட்டுப் பேர் போல அது கட்டிய அடுக்குமாடிகளில்தான் குடியிருக்கிறார்கள். ஆகவே 'வீவக வீட்டில் கூடாது' என்றால் கிட்டத்தட்ட 'ஊருக்குள்ளேயே கூடாது' என்று அர்த்தம். தனியார் காண்டோக்களின் வாடகையோ வங்கி கொடுக்கும் படிக்குள் அடங்காது.

இந்தத் தடை எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

வீவக 1960 பிப்ரவரி 1-ஆம் தேதி ஆரம்பிக்கப்பட்டது. அதற்கு முன் பெரும்பாலான மக்கள் நெரிசலான கடைவீடுகளிலும் அத்தாப்புக் கூரை போட்ட கம்போங் வீடுகளிலும் இருந்தார்கள். 1961 மே 25-ல் புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் தீப்பிடித்து சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தார்கள். அதற்குப் பிறகு கட்டுமானம் அசுர வேகம் எடுத்தது. கம்போங்குகள் காலி செய்யப்பட்டு, ஜனங்கள் மாடி வீடுகளுக்கு ஏறினார்கள்.

மனிதர்கள் மட்டுமா ஏறினார்கள்? அதுவரை கோழி, வாத்து, பன்றி, நாய், பூனை எல்லாவற்றோடும் வாழ்ந்தவர்கள். பன்றி வளர்த்தவர்கள் பன்றிகளையும் மாடிப்படியில் ஏற்றப் பார்த்தார்கள் என்று லீ குவான் இயூ தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பத்தாவது மாடியில் பன்றி வளர்ப்பது நடக்கிற காரியமில்லை, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்தவன் சுவரும் நம் சுவரும் ஒன்றாக இருக்கும் இடத்தில் விதிமுறை இல்லாமல் முடியாது. அந்த விதிமுறைகளின் தொடர்ச்சியில் நாய்க்கு ஒரு வழி விட்டார்கள்: வீட்டுக்கு ஒரு நாய், அதுவும் அங்கீகரித்த பட்டியலில் உள்ள சின்ன ஜாதி நாய். பூனைக்கு அந்த வழியும் இல்லை. 1989-லிருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்கத் தடை. மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம்.

சொன்ன காரணங்கள்: பூனையை வீட்டுக்குள் அடைத்து வைப்பது கஷ்டம், வெளியே திரிந்து பொது இடத்தை அசிங்கம் செய்யும், முடி கொட்டும், ராத்திரியில் கத்தும். ஒவ்வொன்றும் உண்மைதான். ஆனால் ஜன்னலுக்கு வலை அடித்து, கருத்தடை செய்துவிட்டால் இவற்றில் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். இதை அரசாங்கம் ஏற்றுக்கொள்ளத்தான் முப்பத்தைந்து வருடம் ஆனது.

வேடிக்கை என்னவென்றால், தடை வந்த இரண்டே வருடத்தில், 1991-ல், சிங்கப்பூரின் சுற்றுலாத் துறை ஒரு சின்னத்தைத் தேர்ந்தெடுத்தது. என்ன சின்னம்? பூனை! சாக்கடைப் பூனை என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்ட 'சிங்கப்பூரா' வகைப் பூனைக்கு 'குச்சிந்தா' என்று பெயர் சூட்டினார்கள். மலாயில் குச்சிங் என்றால் பூனை, சிந்தா என்றால் காதல். ஆற்றங்கரையில் அதற்குச் சிலையும் வைத்தார்கள். டூரிஸ்ட் போட்டோ எடுக்கலாம், உள்ளூர்க்காரர் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது :-)

வீட்டுக்குள் தடை என்றால் பூனை எங்கே போகும்? கீழ்த்தளத்துக்குத்தான். 1998-ல் தெருப்பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடும் திட்டம் ஒன்று வந்தது. 2003-ல் சார்ஸ் பரவிய வருடம் அது கைவிடப்பட்டது. அந்த வருடம் ஏராளமான பூனைகளைப் பிடித்துக் கொன்றார்கள். 1999-லேயே தொடங்கியிருந்த பூனைகள் நலச் சங்கத்தைப் போன்றவர்கள் விடாமல் மனுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

2012-ல் முதல் கதவு கொஞ்சம் திறந்தது. சோங் பாங் வட்டாரத்தில் மட்டும், சோதனை முறையில், வீவக வீட்டில் பூனை வளர்க்க அனுமதித்தார்கள். கருத்தடை செய்யவேண்டும், மைக்ரோசிப் வைக்கவேண்டும், வீட்டை விட்டு வெளியே விடக்கூடாது என்று நிபந்தனைகள். அந்த வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர் யார் தெரியுமா? அப்போது சட்ட அமைச்சராக இருந்த நம் தமிழர் கா. சண்முகம். சட்ட அமைச்சரின் தொகுதியிலேயே சட்டத்துக்கு விதிவிலக்கு!

நான் போய் இறங்கிய 2016-ல் நிலைமை இதுதான். ஏஜெண்டோடு வீடு பார்க்கப் போனபோது ஒரு பிளாக்கில் நாலாவது மாடி ஜன்னலில் ஒரு பூனை கழுத்துமணியோடு உட்கார்ந்து என்னையே பார்த்தது. "இது என்னங்க?" என்றேன். அவர் சிரித்தார். "நிறைய பேர் வச்சிருக்காங்க சார். யாராவது புகார் கொடுத்தாதான் பிரச்சினை."

"அப்ப நானும் வச்சுக்கலாமே?"

"அது சொந்த வீடு சார். பக்கத்து வீட்டுக்காரரோட இருபது வருஷப் பழக்கம் இருக்கும். நீங்க வாடகைக்கு வர்றீங்க, வெளிநாட்டுக்காரர் வேற. அபராதம்னு கடுதாசி வந்தா ஓனருக்கு வரும். அவர் மறுநாளே உங்களைக் காலி பண்ணச் சொல்வார்."

அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. எங்கள் வங்கியில் பழைய சர்க்குலர்கள் சில உண்டு. யாரும் பின்பற்ற மாட்டார்கள், யாரும் ரத்தும் செய்ய மாட்டார்கள். செல்வாக்கு உள்ளவர் கேஸ் வந்தால் அது யார் கண்ணிலும் படாது. சாதாரண ஆள் மாட்டினால் தூசி தட்டி எடுத்து மேஜையில் வைப்பார்கள். தூங்கும் சட்டம் எல்லோருக்கும் தூங்குவதில்லை. 1989-ன் தடை சொந்த வீட்டுக்காரருக்குத் தூங்கிக்கொண்டிருந்தது, வாடகைக்காரனுக்கு முழித்துக்கொண்டே இருந்தது. கண்டும் காணாமல் இருப்பதைச் சலுகை என்று நினைக்கிறோம். கேட்டு வாங்க முடியாத சலுகை, புதிதாக வருகிறவனுக்குப் பிரயோஜனமே இல்லை.

கடைசியில் சில்லறையை விருதுநகரில் அம்மாவிடம் விட்டேன். "மனுசப் பிள்ளைகள அனுப்புனா பாத்துக்கிடுவேன், பூனையவுமாடா?" என்றார் அம்மா. மகள் கிளம்பும்போது அழவில்லை. சிங்கப்பூர் போய்ச் சேர்ந்த பிறகு கீழ்த்தளத்துப் பூனைகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். தொடமாட்டாள், சும்மா உட்கார்ந்திருப்பாள்.

2019-ல் திரும்பி வந்து ஊருக்குப் போனோம். சில்லறை எங்களைப் பார்த்ததும் அம்மாவின் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. மகள் ஒரு மணி நேரம் தரையில் படுத்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். அம்மா "ஏய் சில்லற" என்று ஒரு குரல் கொடுத்ததும் வெளியே வந்து அவர் காலைச் சுற்றியது. அங்கேயே விட்டுவிட்டு மும்பைக்கு ரயில் ஏறினோம்.

மறுபடி சரித்திரத்துக்கு வருகிறேன். 2022 கடைசியில் சிங்கப்பூர் அரசாங்கம் ஒரு கருத்துக் கணிப்பு நடத்தியது. சுமார் 30,000 பேர் பதில் சொன்னார்கள். வீவக வீடு உட்பட எங்கேயும் பூனை வளர்ப்பதில் தப்பில்லை என்று பத்தில் ஒன்பது பேர் சொன்னார்கள். அதாவது ஊரே ஒத்துக்கொண்ட ஒன்றை விதி மட்டும் ஒத்துக்கொள்ளாமல் இருந்தது. 2024 செப்டம்பர் 1-ல் தடை போனது. வீவக வீட்டுக்கு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசிப் கட்டாயம், உரிமம் கட்டாயம், முதன்முறை உரிமம் எடுப்பவர்கள் ஒரு சின்ன இணையப் பாடமும் முடிக்கவேண்டும். பூனை வெளியே போகாமலும் விழாமலும் இருக்க வலை அடிக்கச் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஒளித்து வளர்த்தவர்கள் கணக்கில் வருவதற்காக 2026 ஆகஸ்ட் 31 வரை அவகாசமும் கொடுத்தார்கள்.

செய்தியை மகளுக்கு அனுப்பினேன். இப்போது காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறாள். "எட்டு வருஷம் லேட்டுப்பா" என்று ஒரே வரி பதில்.

சரி, நண்பருக்கு வருவோம். சட்டம் மாறிவிட்டது, இனி கவலை இல்லை என்று சொல்லி அனுப்ப முடியவில்லை. வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி உண்டல்லவா? ஒன்று எங்களிடம், ஒன்று வாடிக்கையாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். வாடகை வீடும் அப்படித்தான். சட்டம் ஒரு சாவி, ஓனரின் சம்மதம் இன்னொரு சாவி. 2024-ல் முதல் சாவிதான் கிடைத்திருக்கிறது. ஓனர் 'பூனை வேண்டாம்' என்று ஒப்பந்தத்தில் எழுதினால் எழுதியதுதான்.

ஆனாலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. முன்பு ஓனர் நல்லவராக இருந்தாலும் சம்மதத்தை எழுத்தில் கொடுக்க முடியாது, சட்டவிரோதத்துக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? இப்போது கேட்கலாம், பேரம் பேசலாம், எழுதி வாங்கலாம். அதனால் நண்பரிடம் இப்படிச் சொன்னேன்: பூனை இருப்பதை முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள். சம்மதத்தை வாட்ஸப்பில் வாங்காமல் ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்தாகப் போடச் சொல்லுங்கள். அங்கே வருடத்துக்கு ஒரு மாத வாடகை என்ற கணக்கில் டெபாசிட் வாங்குவது வழக்கம். சோபாவில் பூனை கீறினால் அதிலிருந்துதான் பிடிப்பார்கள், ஆகவே போன அன்றைக்கே வீடு முழுக்கப் போட்டோ எடுத்து வையுங்கள். ஜன்னல் வலை யார் செலவு, காலி செய்யும்போது யார் கழற்றுவது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் முக்கியமானது: வீட்டுக்கு முன்னால் பூனையின் பேப்பர்களை ஆரம்பியுங்கள். சிங்கப்பூரில் 1953-லிருந்து ரேபிஸ் கிடையாது, அதைக் காப்பாற்றுவதில் கறாராக இருப்பார்கள். தடுப்பூசி, ரத்தப் பரிசோதனை, இறக்குமதி உரிமம், போனதும் தனிமைக் காலம் என்று வரிசையாக உண்டு. மாதக்கணக்கில் பிடிக்கும், மாற்றல் ஆர்டர் அவ்வளவு காத்திருக்காது.

எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, "உங்க பூனை இப்ப எங்க சார்?" என்று கேட்டார். ஊரில் அம்மாவோடு இருக்கிறது என்றேன். வயதாகிவிட்டது, பாதி நாள் வெயிலில் படுத்துக் கிடக்கிறதாம். போன மாதம் போனில் அம்மா, "ஒன் பூன என்னைய விட்டு நகர மாட்டேங்குது" என்று அலுத்துக்கொண்டார். இத்தனை வருடம் கழித்தும் அம்மாவுக்கு அது என் பூனைதான்.