இஞ்சும் மில்லிமீட்டரும்: ஒரு டயர் அளவின் வரலாறு

டயரின் பக்கவாட்டில் 225/45 ஆர்17 என்று எழுதியிருக்கும். முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் பக்கச்சுவர் எத்தனை சதவீதம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அது இஞ்ச். ஒரே வரியில் ரெண்டு அளவை முறை! இந்தியா 1956-இல் சட்டம் போட்டு மெட்ரிக்குக்கு மாறிவிட்டது. வள்ளியூர் டயர் கடையில் இன்னைக்கும் "பதினேழு இஞ்ச் அலாய்" என்றுதான் கேட்கிறோம். இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போய், தாழ்த்தின செடான் காருக்கு எந்த வீல் போடலாம் என்ற கேள்விக்கும் பதில் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பழைய அம்பாசடரின் டயர் 5.90-15. பிரீமியர் பத்மினிக்கு 5.20-14. ரெண்டு எண்ணும் இஞ்ச்தான். பக்கச்சுவரின் உயரத்தைத் தனியாகச் சொல்லும் வழக்கமே அப்போது இல்லை. 1946-இல் பிரான்சின் மிஷலின் நிறுவனம் ரேடியல் டயருக்குக் காப்புரிமை வாங்கியது. பிரெஞ்சுக்காரர்கள் அகலத்தை மில்லிமீட்டரில் எழுதினார்கள். ரிம் மட்டும் உலகம் முழுக்க ஏற்கெனவே இஞ்சில் இருந்ததால் அப்படியே தங்கிவிட்டது. பின்னாளைய மாருதி 800-இன் 145/70 ஆர்12 இந்தக் கலப்புக் குடும்பத்துப் பிள்ளைதான்.

மிஷலின் சும்மா விடவில்லை. 1975-இல் டிஆர்எக்ஸ் என்று ஒரு டயர் கொண்டுவந்து, ரிம்மையும் 365, 390 என மில்லிமீட்டரிலேயே செய்தது. பிஎம்டபிள்யூ, ஃபோர்டு கார்கள் சிலவற்றில் அது வந்தது. ஆனால் அந்த ரிம்மில் சாதாரண டயர் உட்காராது; தேய்ந்தால் அதே வகையைத்தான் தேடி வாங்கணும். யாருக்குப் பிடிக்கும்? இஞ்ச் ஜெயித்தது.

பக்கச்சுவர் குட்டையானது இதே காலத்துக் கதை. வேகமான காருக்குப் பெரிய பிரேக் டிஸ்க் வேணும். அது உள்ளே அடங்கப் பெரிய ரிம் வேணும். ஆனால் சக்கரத்தின் மொத்த உயரம் கூடக்கூடாது. அப்போ எதைக் குறைப்பது? ரப்பர் சுவரைத்தான். 1977 மாடல் போர்ஷே 911 டர்போவின் முன் சக்கரத்தில் இருந்தது 205/55 ஆர்16. அன்றைக்கு உலகத்தின் அதிவேகக் கார்களில் ஒன்றின் டயர் அது. இன்றைக்கு நம்ம ஊர் செடான்களில் சர்வசாதாரணம்.

மொத்த உயரம் மாறக்கூடாது என்பதுதான் இன்றைக்கும் முதல் விதி. ஸ்கோடா ஆக்டேவியா குடும்பத்தில் கம்பெனியே பயன்படுத்திய நான்கு அளவுகளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 195/65 ஆர்15: மொத்த விட்டம் 634 மி.மீ. 205/55 ஆர்16: 632. 225/45 ஆர்17: 634. 225/40 ஆர்18: 637. விட்டம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்கச்சுவரோ 127, 113, 101, 90 என்று இறங்கிக்கொண்டே போகிறது. ரிம் பெரிதாகும் ஒவ்வொரு இஞ்சுக்கும் பள்ளத்தைத் தாங்குகிற ரப்பரில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் போய்விடுகிறது. மலிவாகக் கிடைக்கிறதே என்று 225/45 ஆர்18 போட்டால் விட்டம் 660 ஆகும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி 104-இல் போகும்.

இனி, காரைத் தாழ்த்துவது. ஸ்பிரிங் மாற்றி 30 மி.மீ. இறக்கினால், டயருக்கும் மேலே உள்ள ஃபெண்டர் விளிம்புக்கும் இடையில் அந்த 30 மி.மீ. போச்சு. இங்கேதான் ஆஃப்செட் வருகிறது. வீலில் 'இடி 50' என்று போட்டிருக்கும். அந்த 'இடி' ஒரு ஜெர்மன் சொல்லின் சுருக்கம். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கிறது என்று சொல்வது. எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும். 7.5 இஞ்ச் அகலம், இடி 50 உள்ள வீலை எடுத்துவிட்டு 8 இஞ்ச், இடி 45 போட்டால் ரிம்மின் வெளி விளிம்பு 11 மி.மீ. வெளியே நகரும். தனியாளாக ஓட்டும்போது ஒண்ணும் தெரியாது. கல்யாண வீட்டுக்கு ஐந்து பேர் ஏறி, பின்பக்கம் அமுங்கி, ஒரு பள்ளத்தில் விழும்போது ஃபெண்டர் விளிம்பு டயரை அறுக்கும்.

வள்ளியூரைத் தொட்டுப்போகும் நான்குவழிச் சாலையில், பழைய ஏழாம் எண், இப்போது 44, இந்தச் சிக்கல் அவ்வளவாகத் தெரியாது. ராதாபுரம் பக்கமோ களக்காடு பக்கமோ திரும்பினால் வேகத்தடைகள். இந்தியச் சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 3.7 மீட்டர் நீளம், 10 செ.மீ. உயரம். இதன் மூலமும் 1970களின் பிரிட்டிஷ் ஆய்வுதான்: 12 அடி, 4 இஞ்ச். மறுபடியும் இஞ்ச்! அந்த வளைவின் ஆரம் 17 மீட்டர். முன், பின் சக்கரங்களுக்கு நடுவே 2.7 மீட்டர் உள்ள கார் அதன்மேல் நிற்கும்போது நடுவயிற்றை நோக்கி எழும்பும் மேடு வெறும் 5.4 செ.மீ. தாழ்த்தின காரும் மெதுவாகப் போனால் தாண்டிவிடும். ஆனால் ஒரே மீட்டரில் 10 செ.மீ. எழும்பும் கூர்மேடு என்றால் அந்தப் பத்து சென்டிமீட்டரும் அடிவயிற்றுக்குத்தான். கார் தோற்பது விதிப்படி கட்டிய வேகத்தடையிடம் இல்லை, விதியை மீறியதிடம்தான்.

எனவே என் முடிவு இது. 15 அல்லது 16 இஞ்சில் வந்த வண்டிக்கு 17-ஓடு நிறுத்திக்கொள்ளலாம். 18-இல் மிஞ்சும் 90 மி.மீ. சுவர் நம்ம ஊர்ப் பள்ளத்துக்குப் போதாது. டயர் புடைக்கும், அலாய் நெளியும். சுமைக் குறியீட்டையும் பாருங்கள்: 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 18 இஞ்சில் சாதாரண ரகம் 88, அதாவது 560 கிலோதான். போல்ட் வட்டம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. ஸ்கோடாவும் மெர்சிடிஸும் 5×112-தான். நடுத்துளை ஒன்றுக்கு 57.1, மற்றதுக்கு 66.6 மி.மீ. இடைவெளியை நிரப்பும் வளையம் இல்லாமல் மாட்டினால் வீல் நடுவில் சரியாக உட்காராமல் ஸ்டியரிங் நடுங்கும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் சொன்ன விவரங்களிலிருந்து வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வீல் விஷயத்தில், கம்பெனி அந்த மாடலுக்கே கொடுத்த அளவுகளுக்குள் நிற்பதுதான் பத்திரம். ஸ்பிரிங்கை மாற்றி இறக்குவதும் இந்தப் பிரிவின் பார்வையில் வரக்கூடியதுதான். காசு கொடுப்பதற்கு முன்னால் அதையும் யோசிச்சுக்கோங்க.